தளர்ந்த இருதயத்துக்கு ஒரு துணை: பேஸ்மேக்கர் வைத்தியமும் நம் வணக்கங்களும்



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேர்வராயன் மலையில் தலைச்சோலை போன்ற ஊர்களில் வாழ்பவர்களுக்கு ஏற்றமும் இறக்கமும் அன்றாட வாழ்க்கை. கடைக்குப் போனாலும் மேடு, காபித் தோட்டத்துக்குப் போனாலும் மேடு. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "மேடு ஏறினால் மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்பார்கள். "மார்கழிக் குளிர்" என்பார்கள். "வயசாகிவிட்டது" என்பார்கள். இந்த மூன்று சமாதானங்களுக்குள்ளும் ஒரு பெரிய நோய் ஒளிந்துகொண்டிருக்கலாம். அதுதான் இருதயத் தளர்ச்சி.

அந்த நோயைப் பற்றியும், அதற்குரிய வைத்தியங்களில் ஒன்றான பேஸ்மேக்கர் கருவியைப் பற்றியும், அக்கருவி பொருத்தப்பட்டவர் ஒளு, தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதைப் பற்றியும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

தொழுகையிலேயே தெரியும் அடையாளங்கள்

காபித் தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நேரமும் தவறாமல் தொழுபவர். சில மாதங்களாக ருகூஉக்குக் குனியும்போதும் ஸஜ்தாவில் இருக்கும்போதும் அவருக்கு மூச்சு முட்டுகிறது. நிமிர்ந்தால் சரியாகிவிடுகிறது. நாளடைவில் ஸஜ்தாவைச் சுருக்கிக்கொள்கிறார். பிறகு நாற்காலி போட்டுக்கொள்கிறார். வீட்டார் முழங்கால் வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுவது இருதயத் தளர்ச்சியின் ஓர் அடையாளம் என்று 2014-ல் மருத்துவ ஆய்வாளர்கள் தனிப்பெயர் கொடுத்தே எழுதினார்கள். அவர்கள் நோயாளிகளை நாற்காலியில் அமர்த்தி, குனிந்து பாதத்தைத் தொடச் சொல்லிப் பார்த்தார்கள். நாமோ ஒவ்வொரு நாளும் 17 ரக்அத் ஃபர்ளு தொழுகையில் 17 முறை ருகூஉம் 34 முறை ஸஜ்தாவும் செய்கிறோம். ஆகவே இந்த அடையாளம் நமக்கு மற்றவர்களைவிட முன்னதாகவே தெரிய வேண்டும். தெரிந்தும் அலட்சியம் செய்தால் குற்றம் நம்முடையதே.

ஒளுவிலும் ஓர் அடையாளம் உண்டு. கால்களைக் கரண்டை வரை கழுவும்போது பாதத்தைச் சற்றே கவனியுங்கள். கணுக்கால் வீங்கியிருக்கிறதா? விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எடுத்த பின்னும் அப்படியே நிற்கிறதா? அது உடலில் நீர் தங்குவதைக் காட்டும். இவற்றோடு, இரவில் படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார நேர்ந்தாலோ, ஒரு தலையணை போதாமல் இரண்டு மூன்று தேவைப்பட்டாலோ, காரணமில்லாமல் சோர்வு மிகுந்தாலோ தாமதிக்கக் கூடாது. மலையிலிருந்து இறங்கி, ஈ.சி.ஜி.யும் எக்கோ பரிசோதனையும் செய்து பார்த்துவிட வேண்டும். சேலத்திலேயே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இருதயத் தளர்ச்சி என்பது என்ன?

இதை ஆங்கில வழக்கைக் கேட்டுப் பலர் "இருதயம் நின்றுவிடுவது" என்று தவறாக எண்ணுகிறார்கள். அப்படியல்ல. இருதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அதனால் தள்ள முடிவதில்லை. அதன் இடது கீழறை தன்னிடம் நிறையும் இரத்தத்தில் பாதிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதத்தை, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுவது சாதாரண நிலை. இந்த அளவு 35 சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கிவிட்டால் தளர்ச்சி கடுமையாகிவிட்டது என்று பொருள். எக்கோ சீட்டில் இந்த எண் எழுதப்பட்டிருக்கும். வீட்டார் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மாரடைப்பு, நீண்ட நாள் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வால்வுக் கோளாறு, மதுப் பழக்கம், சில கிருமிகளின் தாக்குதல் ஆகியவை இதற்குக் காரணங்கள். நமக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தில் 2013-ல் 18 மருத்துவமனைகளில் இந்நோயால் சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. மேலை நாட்டு நோயாளிகளைவிட இது குறைந்த வயது. ஏழு பேரில் ஐந்து பேருக்கு இருதய இரத்தக் குழாய் அடைப்பே காரணமாக இருந்தது. ஐந்தாண்டுகளுக்குள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துவிட்டனர். இதைச் சொல்வது அச்சமூட்டுவதற்காக அல்ல. இது "வயசுக்கு வரும் மூச்சு வாங்கல்" அல்ல என்பதை உணர்த்துவதற்காகவே.

இமாமின் தக்பீரும் பின்வரிசையும்

பேஸ்மேக்கர் எவ்வாறு உதவுகிறது என்பதை அறிய, இருதயம் எவ்வாறு துடிக்கிறது என்று முதலில் அறிய வேண்டும்.

பெருநாள் தொழுகையை நினைத்துப் பாருங்கள். இமாம் தக்பீர் சொல்கிறார். கூட்டம் பெரிது என்பதால் நடுவில் ஒருவர் நின்று அதை உரக்க எடுத்துச் சொல்கிறார். வலப்புறத்தாரும் இடப்புறத்தாரும் ஒரே நேரத்தில் ருகூஉக்குச் செல்கிறார்கள். இருதயத்திலும் இப்படியே ஓர் ஒழுங்கை இறைவன் அமைத்திருக்கிறான். வலது மேலறையிலுள்ள ஒரு சிறு திசுக்கூட்டம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மிக நுண்ணிய மின் தூண்டலை எழுப்புகிறது. அது நடுவிலுள்ள இன்னொரு நிலையத்தை அடைந்து, வலம் இடம் என இரு கிளைகளாகப் பிரிந்து, இரண்டு கீழறைகளையும் ஒருசேரச் சுருங்கச் செய்கிறது.

தளர்ந்த இருதயம் உடைய சிலருக்கு இடது கிளை அடைபட்டுவிடுகிறது. அப்போது செய்தி வலப்புறம் உடனே சேர்கிறது. இடப்புறத்துச் சுவருக்குச் சுற்றிவளைத்துத் தாமதமாகச் சேர்கிறது. நடுச்சுவர் சுருங்கி முடியும் நேரத்தில் வெளிச்சுவர் சுருங்கத் தொடங்குகிறது. பாதி ஜமாஅத் ஸஜ்தாவிலும் பாதி ஜமாஅத் ருகூஉவிலும் இருப்பதைப் போன்ற குழப்பம் இது. ஏற்கனவே பலவீனமான இருதயத்தின் உழைப்பு இதனால் மேலும் வீணாகிறது.

இந்தத் தாமதம் ஈ.சி.ஜி. காகிதத்தில் தெரியும். அதில் ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி. கீழறைகளின் துடிப்பைக் காட்டும் கோடு சாதாரணமாக மூன்று சிறு கட்டங்களுக்குள், அதாவது 0.12 விநாடிக்குள், முடிந்துவிடும். இடது கிளை அடைபட்டவர்களுக்கு அது 0.15 விநாடிக்கு மேலும் அகன்றுவிடுவதுண்டு.

கருவி வந்த கதை

உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் முதன்முதலில் 1958-ம் ஆண்டு அக்டோபர் 8-ம் தேதி ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் பொருத்தப்பட்டது. நோயாளி ஆர்னே லார்சன் என்பவர். இருதயத் துடிப்பு அடிக்கடி நின்று நாளொன்றுக்குப் பல முறை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர். "ஏதேனும் செய்யுங்கள்" என்று அவருடைய மனைவி மருத்துவரிடமும் பொறியாளரிடமும் விடாமல் வற்புறுத்தியதால்தான் அந்தக் கருவியே உருவானது. பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து அதை வார்த்தெடுத்தார். மருத்துவர் ஓகே சென்னிங் பொருத்தினார். முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆனால் அந்த மனிதரோ, ஒன்றன்பின் ஒன்றாக 26 கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001 வரை வாழ்ந்தார். அவருக்கு வைத்தியம் செய்த மருத்துவரும் கருவி செய்த பொறியாளரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டனர். ஆயுள் யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு படிப்பினை அல்லவா?

அந்தக் கருவி துடிப்பு குறைந்தவர்களுக்கானது. தளர்ந்த இருதயத்தின் இருபுறத்தையும் ஒன்றாகத் துடிக்க வைக்கும் முறை 1994-ல் பிரான்சில் தொடங்கியது. 54 வயதுடைய ஒருவருக்கு நான்கு அறைகளுக்கும் தூண்டல் கொடுத்தார்கள். உடலில் தங்கியிருந்த நீர் வடிந்து, ஆறு வாரத்தில் அவருடைய எடை 17 கிலோ குறைந்தது. பிறகு பல நாடுகளில் பெரிய ஆய்வுகள் நடந்தன. 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 813 நோயாளிகளைச் சராசரியாக 29 மாதங்கள் கவனித்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 30 பேர் இறந்தனர். மருந்தோடு இக்கருவியும் பெற்றவர்களில் 100-க்கு 20 பேர் இறந்தனர்.

யாருக்கு இது உதவும்?

பேஸ்மேக்கர் என்ற ஒரே பெயரில் மூன்று வகைக் கருவிகளை மக்கள் குறிப்பிடுகிறார்கள். குழப்பம் நேராமல் இருக்க இவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

1. சாதாரண பேஸ்மேக்கர். ஒன்று அல்லது இரண்டு கம்பிகள் உடையது. துடிப்பு மிகவும் குறைந்தவர்களுக்கு உரியது.

2. இருபுறத் தூண்டல் கருவி. பெரும்பாலும் மூன்று கம்பிகள். மூன்றாவது கம்பி இருதயத்தின் சிரை வழியாக இடது கீழறையின் வெளிப்புறத்துக்குச் செல்கிறது. இருதயத் தளர்ச்சிக்கு உரியது இதுவே.

3. ஷாக் தரும் கருவி. உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்பு வந்தால் மின் அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும். இரண்டாவது வகையோடு சேர்ந்தே இது வருவதும் உண்டு.

இருபுறத் தூண்டல் எல்லோருக்கும் பயன் தராது. இருதயத்தின் தள்ளும் அளவு 35 சதவீதத்துக்கு மேற்படாமல், இடது கிளை அடைபட்டு, ஈ.சி.ஜி. கோடு நன்கு அகன்று, தக்க மருந்துகளைக் குறைந்தது மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் சிரமம் தீராதவர்களுக்கே இது முதன்மையாகச் சொல்லப்படுகிறது. கோடு அகலாதவர்களுக்குப் பொருத்தினால் தீங்கே நேரலாம் என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. தகுதியுடையவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த குணம் கிடைப்பதில்லை. ஆகவே "கருவி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்புவதும் தவறு. "கருவி வைப்பதெல்லாம் பணம் பிடுங்கும் வேலை" என்று ஒதுக்குவதும் தவறு. மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தள்ளும் அளவு எவ்வளவு? ஈ.சி.ஜி. கோடு எவ்வளவு அகலம்? மருந்துகள் முழு அளவில் கொடுத்துப் பார்த்தாகிவிட்டதா?

மூன்றாவது கேள்வி மிக முக்கியம். இந்நோய்க்கு இன்று நான்கு வகை மருந்துகள் ஒன்றாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. மேற்சொன்ன திருவனந்தபுரம் பதிவின்போது, இருதயம் தளர்ந்தவர்களில் அன்றைய விதிப்படியான மருந்துகளைப் பெற்று வீடு திரும்பியவர்கள் கால் பங்கினரே. கருவி வைத்த பிறகும் மருந்தை நிறுத்தக் கூடாது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இடது கிளை அடைபட்ட பெண்களுக்கு இக்கருவி ஆண்களைவிட நன்றாகவே பயன்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நம் வீடுகளில் உம்மாவின் மூச்சு வாங்கல் அடுப்படிக்குள்ளேயே அடங்கிப்போகிறது. "அத்தாவுக்கு" என்றால் அன்றே வண்டி பிடிக்கிறோம். "உம்மாவுக்கு" என்றால் பெருநாள் கழியட்டும் என்கிறோம். இது நீதியா?

ஆபரேஷன் எப்படி?

நெஞ்சைப் பிளப்பதில்லை. பெரும்பாலும் இடது கழுத்தெலும்புக்குக் கீழே அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, தோலுக்கடியில் கருவியை வைக்கிறார்கள். கம்பிகளை இரத்தச் சிரை வழியாக இருதயத்துக்குள் செலுத்துகிறார்கள். சில மணி நேர வேலை. கருவியின் பேட்டரி சில ஆண்டுகளில் தீரும். அப்போது கருவியை மட்டும் மாற்றுவார்கள். கிருமி தாக்குதல், இரத்தக் கசிவு, கம்பி இடம் பெயர்தல் ஆகிய தொல்லைகள் சிலருக்கு நேரலாம். காயம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நாட்டு மருந்து பூசிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செலவுக்கு அஞ்சிப் பலர் வாய் திறப்பதில்லை. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பல இருதய சிகிச்சைகள் இடம்பெற்றுள்ளன. எந்தக் கருவிக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அது போதாதபோது ஜமாஅத்தார் ஜகாத்திலிருந்து உதவலாமா என்று ஆலோசிப்பதற்கு ஏழை நோயாளியைவிடத் தகுதியானவர் வேறு யார்?

வணக்கங்களில் எழும் ஐயங்கள்

"நாடியது நடக்கும், கருவி எதற்கு?" என்பார் சிலர். நோய்க்கு வைத்தியம் தேடும்படி நம் நபி (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். தாமும் வைத்தியம் செய்துகொண்டார்கள். வைத்தியம் தேடுவது தவக்குலுக்கு விரோதமல்ல.

ஒளுவும் குளிப்பும்: கருவி தோலுக்கடியில் இருக்கிறது. நீர் சேர வேண்டியது தோலின் மேற்பரப்பில்தான். ஆகவே காயம் ஆறிய பின் எந்தத் தடையும் இல்லை. காயம் ஆறும் வரை கட்டு இருப்பது நெஞ்சின் மேற்பகுதியில். அது ஒளுவின் உறுப்பு அல்ல. எனவே வழக்கம்போல் ஒளு செய்யலாம், கட்டு நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடமையான குளிப்பு ஏற்பட்டால் கட்டு நீங்கலாக மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மீது ஈரக்கையால் தடவிக்கொள்வது ஹனஃபி சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் அதனுடன் தயம்மும் செய்வதும் உண்டு. மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொள்வது தளர்ந்த இருதயத்துக்குச் சுமை. தண்ணீரை இதமாகச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

தொழுகை: கருவி வைத்த முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு அந்தப் பக்கத்து முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்பார்கள். தக்பீருக்குக் கை கட்டும்போது முழங்கை தோளுக்கு மேல் போக வேண்டியதில்லை. ஆகவே தக்பீருக்குத் தடையில்லை. ஆனால் ஸஜ்தாவிலிருந்து எழும்போது அந்தக் கையை ஊன்றி எழக் கூடாது. சிரமம் இருந்தால் அந்த நாட்களில் உட்கார்ந்து தொழலாம். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், உட்கார இயலாதவர் படுத்தும் தொழுவது மார்க்கம் தந்த சலுகை. சைகையால் தொழுபவர் ருகூஉவைவிட ஸஜ்தாவுக்குத் தலையை அதிகம் தாழ்த்த வேண்டும். கையை அசைக்கவே அஞ்சிக் கட்டிப்போட்டு வைப்பதும் கூடாது. தோள் இறுகிவிடும்.

நோன்பு: நோயாளிக்கு நோன்பை விட அனுமதி உண்டு. குணமாகும் நம்பிக்கை உள்ளவர் பின்னர் களாச் செய்ய வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்க வேண்டும். நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் பலரால் நோன்பு நோற்க முடியும். அண்மையில் மருத்துவமனையில் கிடந்தவர், மூச்சுத் திணறல் தீராதவர் ஆகியோர் துணியக் கூடாது. ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நீர் பிரியும் மாத்திரை உட்பட எல்லா மருந்துகளையும் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். தாமாகவே வேளையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. இஃப்தார் நேரத்தில் நோன்புக் கஞ்சி, வடை, சமோசா, ஊறுகாய் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் உப்பைக் கொட்டிவிடுகின்றன. நோயாளிக்கென ஒரு கோப்பைக் கஞ்சியை உப்புக் குறைத்துத் தனியே எடுத்து வைப்பது வீட்டுப் பெண்களுக்குப் பெரிய வேலையல்ல.

ஹஜ், உம்ரா: புறப்படும் முன் கருவியைப் பரிசோதித்துக்கொண்டு, கருவியின் அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். விமான நிலையத்தில் சோதனை வாயிலைத் தயங்கி நிற்காமல் கடந்து செல்லலாம். கைக் கருவியை நெஞ்சின் மேல் வைத்திருக்க வேண்டாம் என்று அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள். ஸஃபா மர்வா தொங்கோட்டம் ஏழு சுற்றும் சேர்ந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர். இயலாதவர் சக்கர நாற்காலியில் செல்லலாம். பையைக் கருவி இல்லாத தோளில் மாட்டுங்கள்.

வீட்டில்: செல்போனைச் சட்டையின் இடது பையில் வைக்கக் கூடாது. கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி விலகி நில்லுங்கள். ஒலிபெருக்கியில் காந்தம் உண்டு. அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மேடு ஏறி இறங்கும் முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் பல, இந்நோயை மோசமாக்கும். கேட்காமல் போடாதீர்கள். திடீரென்று மூச்சுத் திணறினாலோ மயங்கி விழுந்தாலோ 108-ஐ அழையுங்கள். மலையிலிருந்து இறங்க நேரமாகும் என்பதால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இறுதி நேரம்

பலர் மனத்துக்குள் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. "கருவி ஓடிக்கொண்டே இருந்தால் ரூஹ் எப்படிப் பிரியும்? ஸக்ராத் நீளுமா?" என்பதே அது. கருவி செய்வது தூண்டுவது மட்டுமே. துடிப்பது இருதயத்தின் தசை. உயிர் போன பின் கருவி தூண்டிக்கொண்டிருந்தாலும் தசை அதற்குப் பதில் சொல்லாது. ஆகவே தவணை வந்தவரைப் பேஸ்மேக்கர் பிடித்து நிறுத்தாது.

ஷாக் தரும் கருவி விஷயம் வேறு. குணமாக வழியில்லை என்ற நிலையில் கடைசி நேரத்தில் அது திரும்பத் திரும்ப அதிர்ச்சி கொடுத்து நோயாளியை வருத்தக்கூடும். ஷாக் பகுதியை மட்டும் வெளியிலிருந்தே நிறுத்தி வைக்க முடியும். இதைப் பற்றி நோயாளி தெளிவோடு இருக்கும்போதே மருத்துவரிடமும் ஆலிமிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மய்யித்தைக் குளிப்பாட்டுபவர்களுக்கும் இந்த வகைக் கருவி இருப்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

எரிப்பவர்கள் பேஸ்மேக்கரை முன்னதாக எடுத்துவிட வேண்டும், நெருப்பில் பேட்டரி வெடிக்கும். அடக்கம் செய்யும் நமக்கு அந்தத் தேவை இல்லை. மய்யித்தைக் கீறாமல் அப்படியே கஃபனிட்டு அடக்கலாம். மருத்துவமனையில் வழக்கப்படி கேட்டால், "நாங்கள் அடக்கம் செய்பவர்கள்" என்று சொன்னால் போதும்.

சகோதரர்களே! இன்று இஷாவுக்கு ஒளு செய்யும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களை ஒரு முறை பாருங்கள். ஸஜ்தாவிலிருந்து எழும்போது அவர்களுடைய மூச்சைக் கவனியுங்கள். அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். கேட்டறிவது பிள்ளைகளின் கடமை.

அல்லாஹ் நம் பெரியோர்களுக்குப் பூரண சுகத்தையும், அவர்களுக்கு ஊழியம் செய்யும் பாக்கியத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.